பாட்டரியைத் திரும்பப் பூட்டிய பின் வண்டி உயிர்பெறாவிட்டால்

மழைக்காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கும் நோய்க்காலம் தொடங்கிவிடுகிறது. சில நாள் ஈரத்தில் நின்ற வண்டி ஒரு காலை வேளையில் கிளம்ப மறுக்கிறது. வீட்டுத் தலைவரோ, கல்லூரியில் பயிலும் மகனோ பாட்டரியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, சார்ஜ் ஏற்றி வாங்கி வந்து, தாமே பூட்டிவிடுகிறார். பிறகு சாவியைத் திருப்பினால் விளக்கு எரியவில்லை, ஹாரன் ஒலிக்கவில்லை. நேற்றாவது மங்கலாக எரிந்த ஹெட்லைட் இன்று முற்றிலும் அணைந்து கிடக்கிறது.

இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. விடியுமுன் மீன் கூடையோடு புறப்படுபவருக்கும், பால் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்பவருக்கும், தொலைவிலுள்ள பள்ளிக்கு நாள்தோறும் சென்று திரும்பும் ஆசிரியருக்கும் வண்டி ஒரு நாள் நின்றால் வருவாயோ கடமையோ அன்று நின்றுவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் சிலர் நல்ல பாட்டரியையே எறிந்துவிட்டுப் புதியது வாங்குகின்றனர். சிலர் எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வண்டிக்கே தீங்கு தேடிக்கொள்கின்றனர். முன்னதில் பணம் வீணாகும். பின்னதில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எனவே இம்மாதம் நாம் வலியுறுத்த விரும்புவது இதுதான். பாட்டரியைத் தொடும்வரை ஓரளவேனும் வேலை செய்த வண்டி, தொட்ட பின் அடியோடு நின்றுவிட்டால், கை பட்ட இடத்தையே முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து மின்சாரம் செல்லும் வழியிலேயே ஒவ்வொரு படியாக நாமும் செல்ல வேண்டும். இவ்வாறு சென்றால் பெரும்பாலான குறைகள் ஒரு ஸ்பானர், ஓர் உப்புத்தாள், சிறிது பொறுமை ஆகியவற்றாலேயே தீர்ந்துவிடும்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியை 1859ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். இன்றும் நம் மோட்டார் சைக்கிள்களில் மிகுதியாக இருப்பது அதே வகைதான். அதனுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருகிறது. ஆறும் சேர்ந்து நாம் 12 வோல்ட் என்று சொல்லும் பாட்டரி ஆகின்றது. பழைய வண்டிகள் பலவற்றில் மூன்று அறைகள் கொண்ட 6 வோல்ட் பாட்டரியே இருந்தது.

கூட்டல் குறி உள்ள நேர்முனையிலிருந்து வயர் வழியாகப் புறப்படும் மின்சாரம் பியூஸ், சாவி சுவிட்சு, விளக்கு என்று சென்று, பின்பு வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியாகக் கழித்தல் குறி உள்ள எதிர்முனைக்குத் திரும்புகிறது. சட்டமே திரும்பும் வழி ஆகையால் அதை ‘எர்த்’ என்கிறோம். போகும் வழியில் தடை இருந்தாலும் விளக்கு எரியாது. திரும்பும் வழியில் தடை இருந்தாலும் எரியாது. நம்மில் பலர் முதல் வழியை மட்டும் ஆராய்ந்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றோம்.

பூட்டும் முறை

கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது எதிர்முனையைக் கடைசியில் பூட்ட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. எதிர்முனை சட்டத்தோடு இணைந்திருக்கும் நேரத்தில் நேர்முனையின் திருகைச் சுழற்றும் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டால், பாட்டரியின் முழு ஆற்றலும் அந்த ஸ்பானரின் வழியே பாயும். பொறி பறக்கும், கை சுடும், பாட்டரியும் கெடும். எதிர்முனை விடுபட்டிருந்தால் இந்த ஆபத்து இல்லை.

சாவி அணைந்த நிலையில்தான் பூட்ட வேண்டும். கடைசி வயரைத் தொடும்போது மிகச் சிறு பொறி தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. பெரிய பொறி எழுந்தால் உடனே கையை எடுத்துவிட்டு, முனைகள் மாறியுள்ளனவா, ஏதேனும் வயர் நசுங்கிச் சட்டத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகவே அதன் அருகே பீடி, சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் ஆகாது. அமிலம் ஊற்றும் வகைப் பாட்டரியில் பக்கத்திலிருந்து இறங்கும் சிறு ரப்பர்க் குழாய் மடங்காமலும் நசுங்காமலும் இருத்தல் வேண்டும். அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

இனி, பூட்டிய பின் காணும் குறைகளை நான்காகப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று: எதுவுமே வேலை செய்யவில்லை

சாவியைத் திருப்பியும் ஒரு சிறு விளக்குகூட எரியவில்லை என்றால், முதலில் இரு முனைகளின் திருகுகளையும் பாருங்கள். வயரின் வளையத்தைக் கையால் அசைத்தால் அது சிறிதும் அசையக்கூடாது. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், எதிர்முனையிலிருந்து தொடங்கி இரண்டையும் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அந்த நீர் பாட்டரியின் உள்ளே சென்றுவிடக் கூடாது. நன்கு துடைத்து உலர்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சிடச் செய்து, இறுகப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். பூட்டுமுன் தடவுவதைவிடப் பூட்டிய பின் தடவுவதே நன்று.

அடுத்துப் பியூஸ். பெரும்பாலான வண்டிகளில் முதன்மைப் பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயோ, ஸ்டார்ட்டர் ரிலேயின் மேலேயோ இருக்கும். அதன் உள்ளே உள்ள மெல்லிய இழை அறுந்திருந்தால், பூட்டும் நேரத்தில் எங்கோ தவறான தொடுகை நேர்ந்தது என்று பொருள். அதே அளவுள்ள புதிய பியூஸை இடுங்கள். கண்ணுக்கு முழுமையாகத் தோன்றும் பியூஸும் சில வேளை உள்ளே அறுந்திருக்கும். ஐயமிருந்தால் மாற்றிப் பார்ப்பதே நன்று.

பியூஸும் நன்றாக இருந்தால் எர்த் வயரைத் தொடர்ந்து செல்லுங்கள். எதிர்முனையிலிருந்து புறப்படும் கறுப்பு வயர் எஞ்சினிலோ சட்டத்திலோ ஓரிடத்தில் திருகால் இறுக்கப்பட்டிருக்கும். மழையும் சேறும் படும் அவ்விடத்தில் துரு ஏறியிருக்கக்கூடும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினாலே உயிர்பெறும் வண்டிகள் பல. பாட்டரியை வெளியே எடுக்கும்போது அருகிலுள்ள பிளக் ஏதேனும் இழுபட்டுக் கழன்றிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பழைய புல்லட் வண்டிகளில் ஹெட்லைட்டின் மேற்புறத்தில் சிறு ஆம்மீட்டர் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் நின்றிருக்க விளக்கைப் போட்டால் அதன் முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். சாய்ந்தால் பாட்டரியிலிருந்து மின்சாரம் புறப்படுகிறது என்று அறியலாம். முள் அசையவே இல்லை என்றால், குறை பெரும்பாலும் பாட்டரிக்கு அருகிலேயே இருக்கும்.

இரண்டு: விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டர் சுழலவில்லை

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் ‘டிக், டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கிறது, விளக்கோ எரிகிறது. இதைக் கண்டு, “விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாகத்தானே இருக்கிறது; ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது” என்று முடிவு கட்டுவோர் பலர். இம்முடிவு பெரும்பாலும் பிழையாகிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 35 வாட் ஹெட்லைட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ பல பத்து ஆம்பியர் வேண்டும். தளர்ந்த திருகின் வழியே 3 ஆம்பியர் எப்படியும் கசிந்து வந்துவிடும். பல பத்து ஆம்பியர் வர இயலாது. குறுகிய வாய்க்காலில் ஒரு குடத்திற்கு நீர் கிடைக்கலாம், வயலுக்குப் பாயாது. ஆகவே இங்கும் முனைகளைத் திரும்ப இறுக்குவதே முதல் மருந்து.

அதன்பின் பாட்டரியின் நிலையைக் காண வேண்டும். இதற்கு மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி போதும். வயரிங் வேலை செய்யும் எவரிடமும் அது இருக்கும், விலையும் மிகுதியன்று. சில மணி நேரம் ஓய்வாக இருந்த பாட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் முழுமையாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு. 12.0 அளவில் இருந்தால் ஏறத்தாழக் காலி. இப்போது மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். அளவு 10 வோல்ட்டுக்கு மிகக் கீழே விழுந்தால் பாட்டரியில் வலுவில்லை. விழாமல் 12-க்கு அருகிலேயே நின்று, ஸ்டார்ட்டரும் சுழலாவிட்டால், மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது.

அந்தத் தடையைக் காண ஓர் எளிய வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைக் காரீயத்தின் மேலும், மற்றொன்றை எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகத்தின் மேலும் வைத்து, ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். மீட்டர் ஏறத்தாழ பூச்சியமே காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. இதுபோலவே நேர்முனைக் காரீயத்திற்கும் அதன்மேல் உள்ள வயர் வளையத்திற்கும் இடையிலும் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் இச்சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

மூன்று: ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் ஓடவில்லை

பாட்டரியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கை பல இடங்களில் படுகிறது. வலக் கைப்பிடியில் உள்ள சிவப்பு நிற நிறுத்து சுவிட்சு நாம் அறியாமலே அழுத்தப்பட்டிருக்கலாம். பக்க ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை ஓடவிடாத வண்டிகளும் உண்டு. இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைவரை செல்வோர் பலர்.

மற்றொன்றும் கவனத்திற்குரியது. சில வண்டிகளில் நேர்முனைத் திருகில் தடித்த வயரோடு மெல்லிய வயர் ஒன்றும் சேர்ந்து பூட்டப்பட்டிருக்கும். எரிபொருளைச் செலுத்தும் மின்னணுக் கருவிக்கு மின்சாரம் அதன் வழியாகவே செல்வதும் உண்டு. பூட்டும்போது அந்த மெல்லிய வயர் பாட்டரிப் பெட்டியின் ஓரத்தில் விழுந்து மறைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுழலும், ஆனால் எஞ்சின் ஓடாது. ஆகவே கழற்றுமுன் எந்தத் திருகில் எத்தனை வயர்கள் உள்ளன என்று எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இக்காலத்தில் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் எளிது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை நடைமுறைக்கு வந்த பின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு முறையே பரவலாயிற்று. இத்தகைய வண்டியில் சாவியைத் திருப்பியவுடன் பெட்ரோல் பம்பு இரண்டு மூன்று நொடிகள் மெல்லிய ஒலியோடு இயங்கும். செவியைப் பெட்ரோல் டாங்கின் அருகே வைத்துக் கேளுங்கள். ஒலி கேட்காவிட்டால் பம்பின் பியூஸையும் நிறுத்து சுவிட்சையும் திரும்பப் பாருங்கள். எஞ்சின் வடிவம் வரைந்த மஞ்சள் விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளிலோ எஞ்சின் ஓடத் தொடங்கியதுமோ அணைய வேண்டும். அணையாமலே நின்றால் கணினிக் கருவி குறையொன்றை அறிவிக்கிறது என்பது பொருள். அதைப் படித்துச் சொல்லும் கருவி உள்ள பட்டறைக்குச் செல்வதே முறை. மீட்டரில் கடிகாரம் தவறான நேரம் காட்டுவதும், ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் ‘டிரிப்’ கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதும் குறையல்ல. பாட்டரி விடுபட்டதால் வந்த இயல்பான மறதியே.

நான்கு: ஓடுகிறது, இரண்டு நாளில் மீண்டும் நின்றுவிடுகிறது

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறியது யாரும் அறியாமல் வடிந்துவிடுகிறது.

முதலாவதை அறிய, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பாட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. 13-க்குக் கீழேயே நின்றால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அது பாட்டரியையும் பல்புகளையும் கெடுத்துவிடும். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. எனவே சார்ஜ் ஏறாத குறையைப் பாட்டரி நெடுநாள் தாங்காது.

இரண்டாவதை அறிய, சாவியை எடுத்துவிட்டு எதிர்முனை வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணையுங்கள். முதலில் 10 ஆம்பியர் அளவையே தேர்ந்துகொள்ளுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது. சில மில்லி ஆம்பியர் காட்டினால் அது கடிகாரத்திற்கும் மின்னணுக் கருவிக்கும் உரிய செலவு. 50 மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர்-மணி பாட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில் காலியாகிவிடும். அதே பாட்டரி 5 மில்லி ஆம்பியர் செலவில் ஆயிரம் மணி நேரம், நாற்பது நாளுக்கு மேல் தாங்கும். இவ்வாறு வடிவதற்கு, பின்னாளில் பொருத்திய அலங்கார விளக்கும், திருட்டைத் தடுக்கும் அலாரமும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியுமே பெரும்பாலும் காரணமாகின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் மீட்டரின் எண் குறைகிறது என்று பாருங்கள்.

முனைகள் மாறிவிட்டால்

அவசரத்தில் நேர்முனை இடத்தில் எதிர்முனையைப் பூட்டிவிட்டால், ரெக்டிபயரிலுள்ள டயோடுகளின் வழியே மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாயும். நற்பேறிருந்தால் பியூஸ் உடனே அறுந்து மற்றவற்றைக் காத்துவிடும். உடனே எதிர்முனை வயரைக் கழற்றி, சரியாகப் பூட்டி, புதிய பியூஸை இட்டுப் பாருங்கள். எல்லாம் இயங்கினாலும் சார்ஜ் ஏறுகிறதா என்று அளந்து பார்த்த பின்னரே தொலைதூரப் பயணம் செல்லுங்கள்.

பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிளைக் காத்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற அக்கால வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. நம் வழக்கப்படி அதை மாற்றிப் பூட்டினால் கேடு விளையும். இத்தகைய வண்டியில், நாம் மேலே எதிர்முனைக்குச் சொன்ன வரிசை நேர்முனைக்கே பொருந்தும். சட்டத்தைச் சேரும் வயரே கழற்றுவதில் முதலும் பூட்டுவதில் கடைசியும் ஆகும்.

செய்யத் தகாதவை இரண்டு

எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது முற்காலத்தில் சில பட்டறைகளின் வழக்கம். கழற்றிய பின்னும் எஞ்சின் ஓடினால் சார்ஜ் ஏறுகிறது என்பது அவர்கள் கணக்கு. மின்னணுக் கருவிகள் நிறைந்த இக்கால வண்டியில் இதைச் செய்தல் கூடாது. மின்னழுத்தத்தைத் தாங்கிச் சமன்செய்து நிற்பது பாட்டரியே. அது திடீரென விலகினால் மின்னழுத்தம் எகிறி, விலையுயர்ந்த கருவிகளைக் கணப்பொழுதில் கெடுத்துவிடலாம்.

இரண்டாவது, பியூஸுக்குப் பதிலாகக் கம்பி. 15 ஆம்பியர் பியூஸ் அறுந்தது என்றால், அதற்கு மேற்பட்ட மின்சாரம் பாய்ந்தது என்பதே பொருள். புதியதும் உடனே அறுந்தால் எங்கோ ஒரு வயர் சட்டத்தைத் தொடுகிறது. அந்நிலையில் கம்பியைச் சுற்றினால் பியூஸ் அறுவதற்குப் பதிலாக வயர் கொதிக்கும். அதன் மேலுறை உருகும். அந்த வயர்களில் சில பெட்ரோல் டாங்கின் அடியிலேயே செல்கின்றன. பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் அமர்ந்து செல்லும் வண்டி அது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு பியூஸின் விலை ஒரு தேநீரின் விலை அளவே. இரண்டு உபரிப் பியூஸ்களை வண்டியிலேயே வைத்திருங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது

இத்தனையும் பார்த்த பின் குறை தீராவிட்டால் தேர்ந்த மெக்கானிக்கிடம் செல்வதில் தயக்கம் வேண்டாம். ஆனால் “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். பாட்டரியை எந்நாளில் கழற்றினோம், பூட்டிய பின் முதலில் எது நின்றது, ஓய்வில் எத்தனை வோல்ட், ஸ்டார்ட்டரை அழுத்தும்போது எத்தனை, பியூஸ் அறுந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேர்மையான மெக்கானிக்குக்கு அது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். தேவையற்ற உதிரிப் பாகத்தை விற்க நினைப்பவரும் அத்தாளைக் கண்டால் சற்றே யோசிப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்ல வழக்கம்.

வீட்டில் வளரும் பிள்ளைகளை இவ்வேலையில் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் இது தெரிந்திருக்கட்டும். எந்தத் திருகு முதலில், எது கடைசியில் என்பதைச் சொல்லிக்கொடுத்து, மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் செய்யுங்கள். ஒருநாள் இரவில் ஆளரவமற்ற சாலையில் வண்டி நின்றுவிட்டால், உதவி வரும்வரை கலங்கி நிற்காமல், பாட்டரியின் திருகை இறுக்கிவிட்டு வீடு வந்து சேர அந்த அறிவு அவர்களுக்குத் துணைநிற்கும்.